ஈஸ்வரி வீட்டு முகப்பு

வீட்டின் முன்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று இருக்க வேண்டும். ஈஸ்வரி கேட்டது அது ஒன்றுதான். அறைகள் எத்தனை, சமையல்கட்டு எந்தப் பக்கம், மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் கணவன் சத்தியமூர்த்தியும் தம்பி சரவணகுமாரும் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் அந்த மனை இருந்தது. சத்தியமூர்த்திக்குப் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். மகள் ரஞ்சனி பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் சொந்த வீட்டுக்கு வாய்த்தது. கட்டிக்கொடுக்க வெளியாளைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. சரவணகுமார் கட்டட கான்ட்ராக்டர். தாய் இல்லாத வீட்டில் ஈஸ்வரிதான் அவனுக்குத் தலைவாரி, சோறு கட்டிக்கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். அக்கா வீட்டைத் தன் கையால் கட்டுவேன் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதில் பொய் இல்லை. அஸ்திவாரத்துக்கும் தூண்களுக்கும் அவன் பக்கத்திலேயே நின்றான். கம்பி கட்டுவதைத் தானே குனிந்து பார்த்தான்.

வெளிப்பூச்சு வேலை வைகாசி வெயிலில் வந்தது. அதே சமயத்தில் நேமத்தான்பட்டியில் பெரிய பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றுகிற வேலையும் அவன் கையில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் வயிரவன் சென்னையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்களை அங்கே தள்ள வேண்டியிருந்தது. அக்கா வீட்டில் மேஸ்திரி மலையாண்டி மட்டும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நின்றார்.

போர்ட்டிகோவுக்கு மேலே, மாடியின் நெற்றிபோல முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு கான்கிரீட் சட்டம் இருந்தது. எலிவேஷன் என்று சொல்கிறார்களே, அந்த அலங்காரம். வழவழப்பான கான்கிரீட்டை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அதன்மேல் பூச வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது.

"கொத்திவிட ஆளு வேணும் தம்பி. ரெண்டு பேரை இங்குட்டு அனுப்புங்க" என்றார் மலையாண்டி.

"அங்குட்டு வேலை தலைக்கு மேல கெடக்கு. சிமெண்ட் பாலை அடிச்சிட்டுப் பூசிவிடுங்க. நம்ம வீடுதானே" என்றான் சரவணகுமார்.

பூசிய பிறகு பூச்சு இறுகத் தண்ணீர் அடிக்க வேண்டும், அந்தச் சட்டத்துக்கு அதையும் சரியாக அடிக்கவில்லை. சாரத்தில் ஏறி அவ்வளவு உயரத்துக்குக் குழாய் பிடிக்க ஆள் இல்லை. வெயிலில் அது இரண்டே நாளில் வெளுத்துக் காய்ந்தது. ஈஸ்வரி போனில் கேட்டபோது, "காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் அடிக்கிறாகக்கா" என்று சொன்னான்.

நேமத்தான்பட்டி வேலை முடிந்து அவன் திரும்பி வந்தபோது மழைக்காலமும் முடிந்திருந்தது. தை மாதம் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்து, பத்திரிகை அடிக்கவும் சொல்லியாகிவிட்டது. முகப்புக்கு என்ன பூச்சு, என்ன நிறம் என்பது ஒன்றுதான் பாக்கி. அன்று காலை சரவணகுமார் சாரத்தில் ஏறி, கொத்துக்கரண்டியின் கைப்பிடிக் கட்டையால் அந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். கீழே சுவரில் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தது. மேலே சட்டத்தில் பானையைத் தட்டினதுபோல வந்தது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை தட்டினான். முழுக்க அதே சத்தம். மேல் விளிம்பில் தலைமுடி அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து நிற்கிறது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியதும் தெரியும். அவ்வளவையும் தட்டி உதிர்த்து, கொத்திவிட்டு, மறுபடி பூச வேண்டும். அத்தானிடம் காரணம் சொல்ல வேண்டும். கிரகப்பிரவேசத்தைத் தள்ளிப் போட வேண்டும். தண்ணீர் அடித்ததாகச் சொன்னது பொய் என்று அக்காவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாரத்திலிருந்து இறங்கினான். கீழே நின்ற மலையாண்டி அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி செய்யலாம்?"

"மேல டெக்ஸ்சர், அந்தச் சொரசொரப்புப் பூச்சைக் கனமாப் போட்டுட்டா இறுக்கிப் பிடிச்சுக்கும்" என்றான். பிடிக்காது என்பது இருவருக்கும் தெரியும். மலையாண்டி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரியும் சத்தியமூர்த்தியும் பூச்சைத் தேர்வு செய்ய வந்தார்கள். கேட் பக்கத்துச் சுவரில் மூன்று மாதிரிகள் பூசி வைத்திருந்தான். முதலாவது புட்டி என்கிற வெள்ளைப் பசையைப் பூசி, தேய்த்து வெள்ளை அடித்தது. அடுத்தது ரோலரில் உருட்டிய டெக்ஸ்சர், மணல் நிறத்தில் மேடும் பள்ளமுமாக. மூன்றாவது சீப்பால் இழுத்ததுபோல் வரிவரியாக.

ஈஸ்வரி நேராக முதல் மாதிரியிடம் போய் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். "இதுதான்டா. நான் நெனச்சது இதேதான்."

"அது நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா நிக்காது. ஒரு மழைக்குப் பாசி பிடிச்சுரும். இப்ப எல்லா வீட்டுலயும் இந்த நடு மாதிரிதான் போடுறாக" என்றான்.

சத்தியமூர்த்தி டெக்ஸ்சரை விரல் நுனியால் சுரண்டிப் பார்த்தார். "சொரசொரன்னு இருக்கே மாப்ள. தூசி அடையாது? ஆலையில இந்த மாதிரி ஒரு சுவரு இருக்கு. ஒரே கரியாப் போச்சு. கழுவவும் முடியல."

"ஆலை வேற, வீடு வேற அத்தான்."

"அதுக்கில்ல. உங்கக்காவுக்கு வெள்ளைதான் ஆசை. எனக்கும் அதான் கண்ணுக்குப் பிடிச்சிருக்கு. மழை வந்தா வருசத்துக்கு ஒருக்க நானே தேச்சு அடிச்சுக்கிறேன்."

"சொன்னாக் கேளுங்க அத்தான்" என்று சரவணகுமார் குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டான். சத்தியமூர்த்தி அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் கோபம் என்பதுபோல. சரவணகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தம்பியின் முகம் சுருங்கியதை ஈஸ்வரி கண்டாள். வேலை செய்து கொடுத்தவன் மனம் கோணக்கூடாது என்று நினைத்தாள். வெள்ளைச் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள். "விடுங்க. அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப்போகுது? அவன் சொல்றதையே போட்டுருவோம்."

"உனக்கு வெள்ளைதானே..."

"எனக்கு இது போதும். அவன் பாத்துச் செய்வான். நீங்க சும்மா இருங்க."

சத்தியமூர்த்தி சிரித்துக்கொண்டே கையை விரித்தார். "அக்காவும் தம்பியும் ஒண்ணாச் சேந்துட்டீக. நான் என்னத்தச் சொல்ல."

மார்கழியில் டெக்ஸ்சர் ஏறியது. மேல் விளிம்பு வெடிப்பை மலையாண்டி புட்டி வைத்து அடைத்தார். தூரத்திலிருந்து பார்க்க முகப்பு அழகாகவே இருந்தது. தையில் கிரகப்பிரவேசம் நடந்தது. வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சத்தியமூர்த்தியின் அண்ணன் முத்தப்பன் காளையார்கோவிலிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். "என்னடா, வெள்ளை அடிக்கப்போறேன்னு சொன்ன" என்று கேட்டார். "நான் வேணாம்னுதான்ணே சொன்னேன். வீட்டுக்காரி இதுதான் வேணும்னு நின்டா" என்று சத்தியமூர்த்தி வேடிக்கையாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஈஸ்வரியும் சிரித்தாள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. புட்டி வைத்த விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நின்றது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சொரசொரப்பில் வெடிப்பு கண்ணுக்குப் படாது. வழவழப்பான வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் கோடு விட்டது தெரிந்திருக்கும், ஈரம் ஊறிய கறை தெரிந்திருக்கும்.

காலையில் சத்தியமூர்த்தி ஆலைக்குக் கிளம்பினார். போர்ட்டிகோவின் விளிம்பில் பைக்கை நிறுத்தி, மழைக்கோட்டின் கையை மாட்டிக்கொண்டிருந்தார். மறந்துபோன சாப்பாட்டுப் பையை எடுத்துவர ஈஸ்வரி உள்ளே திரும்பினாள். லாரியிலிருந்து மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். பையோடு ஓடி வந்தபோது பைக் சாய்ந்து கிடந்தது. கதவகலத்துக்குப் பூச்சுப் பலகை ஒன்று உடைந்து நொறுங்கிக் கிடந்தது. அதன் அடியில் அவர் கிடந்தார். மழைக்கோட்டின் ஒரு கை மட்டும்தான் மாட்டியிருந்தது.

பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அந்த மழையில் மாவட்டம் முழுக்கச் சுவர்கள் இடிந்துகொண்டிருந்தன. இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. யார் மேலும் சந்தேகம் இல்லை என்று முத்தப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று மேலே பார்த்தார்கள். பூச்சு போன இடத்தில் கான்கிரீட் தெரிந்தது, சுற்றிலும் டெக்ஸ்சர் தடிமனாக நின்றது. இவ்வளவு கனத்தை மேலே ஏற்றினால் விழாமல் என்ன செய்யும் என்று யாரோ பேச்செடுத்தார்கள். முத்தப்பனுக்குக் கிரகப்பிரவேசத்தன்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. அடக்கம் முடிந்து வந்த ஈரத்துணியோடு முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னார். "அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான். இவ பிடிச்ச பிடியில நின்டு போட வச்சா. இப்ப யாரு போனா?"

ஈஸ்வரி அதைக் கேட்டாள். சுவரோரம் உட்கார்ந்து, "ஆமா, அவுக வேணாம்னாக. நான்தான் சும்மா இருங்கன்னு சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரவணகுமார் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். கணவனை இழந்தவளுக்கு அவள் உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்துவது. அப்பா இல்லை, வேறு அண்ணன் தம்பி இல்லை. அவன் ஒருவன்தான். மனைவி பாண்டீஸ்வரி எடுத்துவந்த சேலையைத் தட்டில் வைத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் தட்டை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். பெரியவர்கள் "போப்பா, போப்பா" என்று தள்ளினார்கள். போர்த்தியபோது ஈஸ்வரி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தன் முகத்தில் வைத்து அழுதாள்.

"நீ ஆசையாக் கட்டிக் குடுத்தடா. நான் பாவி, என் வாயாலயே கெடுத்துக்கிட்டேன்டா."

சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சபை நிறைய ஆட்கள். முத்தப்பன் நின்றார். ரஞ்சனி, "மாமா, அம்மாவைத் தூக்குங்க மாமா" என்று அழுதுகொண்டிருந்தாள். அவன் அக்காவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். துக்கம் தாங்காமல் போய்விட்டான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஈஸ்வரி முன்வாசலைப் புழங்கவில்லை. கோலம் இல்லை, விளக்கு இல்லை. பின்கதவு வழியாகவே போனாள், வந்தாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. யார் வந்தாலும் அதே கதையைச் சொன்னாள். மூன்று மாதிரி இருந்ததாம், அவள் முதலில் கையை வைத்தது வெள்ளையிலாம், அப்புறம் புத்தி மாறிவிட்டதாம். கேட்டவர்களுக்கே சலித்துவிட்டது. முத்தப்பன் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ரஞ்சனி பரீட்சைக்குப் படிக்கிற மேஜையிலிருந்து எழுந்து வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டினாள்.

பாண்டீஸ்வரி ஒரு நாள் கணவனிடம் கேட்டாள். "உங்கக்கா இப்படியே போனா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? நீங்க போய் ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லக்கூடாதா?" வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். மலையாண்டி வந்து பார்த்தார். "நடந்தது நடந்துபோச்சு தம்பி. இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? ரெண்டு பேரும் உள்ளதான் போவோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் ஈஸ்வரியிடமிருந்து போன் வந்தது. மிச்சப் பூச்சு எப்போது விழுமோ என்று பயமாக இருக்கிறது, ரஞ்சனி அந்த வழியாகத்தான் சைக்கிளை எடுக்கிறாள், வந்து உதிர்த்துவிடு என்றாள். அவன் வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. தானே சாரம் கட்டி ஏறினான்.

சுத்தியலால் அடிக்க வேண்டிய தேவையே இல்லை. உளி முனையை விளிம்பில் நுழைத்து நெம்பினான். பூச்சு தோசையைத் திருப்பியதுபோலப் பெரிய பெரிய பலகையாகக் கழன்று விழுந்தது. கான்கிரீட்டில் ஒரு கொத்துத் தடம்கூட இல்லை. கான்கிரீட் வார்க்க அடித்த பலகையின் வரி அப்படியே இருந்தது.

முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஈஸ்வரி வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாரு, எவ்வளவு கனம். வெள்ளையே அடிச்சிருந்தா விழுந்திருக்குமாடா? அவுக இருந்திருப்பாகல்ல?"

சரவணகுமார் சாரத்திலிருந்து இறங்கினான். உளியைக் கீழே வைத்தான்.

"வெள்ளை அடிச்சிருந்தாலும் விழுந்திருக்கும்க்கா."

"என்னடா சொல்ற?"

"டெக்ஸ்சரால விழல. அதுக்கு அடியில இருக்குற பூச்சே பிடிக்கல. கொத்திவிடாமப் பூசச் சொன்னேன். தண்ணி அடிச்சதாச் சொன்னது பொய். ஆளை எல்லாம் நேமத்தான்பட்டிக்கு அனுப்பிட்டேன். நீங்க வந்து பாத்த அன்னிக்கே அது பிரிஞ்சு நின்டுச்சு. எனக்குத் தெரியும். வெடிப்புத் தெரியக்கூடாதுன்னுதான் அதைப் போடுங்கன்னு சொன்னேன்."

ஈஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. அவன் முகத்தையும் கீழே கிடந்த துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்தபோது அவள் கத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"கோடி போட்டியே, அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் உன் கையைப் பிடிச்சு அழுதேனே."

அவன் நின்றுகொண்டே அழுதான். அவள் அழவில்லை. எழுந்து, "வண்டியை எடு" என்றாள்.

"எங்கக்கா?"

"காளையார்கோவிலுக்கு. எங்கிட்டச் சொன்னதை அவுக அண்ணங்கிட்டச் சொல்லு. எம்மக முன்னாடி சொல்லு. நான்தான் அவுகளக் கொன்டேன்னு ஊரே சொல்லிக்கிட்டிருக்கு."

ரஞ்சனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மூன்று பேரும் போனார்கள். முத்தப்பன் வீட்டு முற்றத்தில் நின்று அவன் எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். முத்தப்பன் அவனை அறைந்தார். இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியவர், ஓங்கிய கையால் தன் தலையில் அடித்துக்கொண்டார். ரஞ்சனி மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. முத்தப்பன் ஈஸ்வரியிடம் போய், "என் வாயி அழுகிப்போகட்டும் தாயி" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா இல்லையா என்று அதிலிருந்து தெரியவில்லை. அன்று அந்த வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். அவள் சாப்பிட்டாள். ஐப்பசிக்குப் பிறகு யாரும் ஊட்டாமல் ஒரு தட்டுச் சோற்றை அவள் முழுதாகச் சாப்பிட்டது அன்றுதான். சரவணகுமார் வெளியே வண்டியருகே நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

மறுவாரம் முத்தப்பன் புகார் கொடுத்தார். மலையாண்டியையும் விசாரித்தார்கள். பூசச் சொன்னது நான், அவர் ஆள் கேட்டார், நான் அனுப்பவில்லை என்று சரவணகுமார் எழுதிக் கொடுத்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவன் போய் நிற்கிறான். சாட்சி சொல்ல வந்த ஈஸ்வரி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கூண்டிலிருந்து இறங்கிப் போகும்போது அவன் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

அவனுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லாமல் போனது. இப்போது திருப்பத்தூர்ப் பக்கம் வேறொரு கான்ட்ராக்டரிடம் கூலிக்கு மேற்பார்வை பார்க்கிறான். ரஞ்சனி காலேஜில் சேர்ந்துவிட்டாள். முகப்பில் கான்கிரீட் அப்படியே வெறுமையாக நிற்கிறது. வேறு கொத்தனார்கள் வந்து என்ன பூச்சு போடலாம் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று ஈஸ்வரி சொல்லிவிட்டாள்.

போன மாதம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி, எதிரே ஈஸ்வரி வருவதைப் பார்த்து ஒதுங்கப் பார்த்தாள். ஈஸ்வரிதான் நின்றாள்.

"அவன் எப்படி இருக்கான்?"

"இருக்காக மதினி. முன்ன மாதிரி சாப்பாடு இல்ல. இளைச்சுட்டாக."

ஈஸ்வரி கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேளைக்குச் சாப்பிடச் சொல்லு" என்றாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். "என் கண்ணுல மட்டும் படவேணாம்னு சொல்லு. நான் செத்தாலும் வரவேணாம்."

பாண்டீஸ்வரி வீட்டுக்கு வந்து இரண்டையுமே சொன்னாள். சரவணகுமார் கேட்டுக்கொண்டான். அன்று வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு திருப்பத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.